பிங்கலம், அஞ்சனம், காலகேசி: மறைந்த தருக்க நூல்களின் பெயரைப் படிக்கும் முறை

யாப்பருங்கலம் என்பது பத்தாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி அமிதசாகரர் என்னும் சமண ஆசிரியர் இயற்றிய செய்யுள் இலக்கண நூல். அதற்கு எழுந்த பழைய விரிவுரையாகிய யாப்பருங்கல விருத்தி, யாப்பை விளக்கிக்கொண்டு போகும் வழியில் தன் காலத்துக் கல்வித்துறைகள் பலவற்றையும் தொட்டுச் செல்கிறது. ஓரிடத்தில் தருக்கத்தை எடுத்துக்கொண்டு, அது ஏகாந்தவாதம், அநேகாந்தவாதம் என இரண்டு வகைப்படும் என்று சொல்லி, அவற்றைக் காண விரும்புவோர் எந்தெந்த நூல்களில் காணலாம் என்றும் காட்டுகிறது. ஒரு பொருளுக்கு ஒரே இயல்புதான் உண்டு என்று அறுதியிடுவது ஏகாந்தவாதம். நோக்கும் நிலைக்கேற்பப் பல இயல்புகள் உண்டு என்பது அநேகாந்தவாதம். பின்னதே சமணத்தின் அடையாளக் கொள்கை. உரையாசிரியர் சுட்டும் நூல்கள் குண்டலம், நீலம், பிங்கலம், அஞ்சனம், தத்துவதரிசனம், காலகேசி ஆகிய ஆறு.

இந்த ஆறில் நீலம் என்று குறிக்கப்பெற்ற நீலகேசி மட்டுமே முழுமையாக நம் கைக்கு வந்துள்ளது. குண்டலம் எனப்பட்ட குண்டலகேசியில், புறத்திரட்டு என்னும் தொகைநூலிலிருந்தும் பழைய உரைகளிலிருந்தும் திரட்டிய 19 பாடல்களே முழுவடிவில் கிடைக்கின்றன. எஞ்சிய நான்கும் பெயரளவில் நிற்கின்றன. ஒரு காலத்தில் மாணவர் கையில் இருந்தவை, விளக்கம் தேவையில்லாத அளவுக்குப் புகழ்பெற்றவை என்பது உரையாசிரியர் அவற்றைச் சுருக்கப்பெயரால் குறித்துவிட்டு மேலே செல்வதிலிருந்து தெரிகிறது. அவருடைய மாணவருக்கு ‘அஞ்சனம்’ என்றால் போதுமாயிருந்தது. இன்றைய வாசகருக்கோ அது கண்ணுக்கு இடும் மை.

நூல் மறைந்து பெயர் மட்டும் எஞ்சும்போது, அந்தப் பெயரிலிருந்து எதை அறியலாம், எதை அறிய முயலக் கூடாது என்பது தனியொரு கல்வி. பண்டைய கிரேக்க மெய்யியலை ஆராய்வோர் இந்தக் கல்வியில் நெடுங்காலம் உழைத்திருக்கிறார்கள். கி.பி. மூன்றாம் நூற்றாண்டினரான டயோஜெனிஸ் லாயெர்ஷியஸ் எழுதிய மெய்யியலாளர் வரலாற்று நூல், ஒவ்வொருவர் பெயரின் கீழும் அவர் எழுதிய நூல்களின் பட்டியலைத் தருகிறது. அரிஸ்டாட்டிலின் மாணவர் தியோபிராஸ்டஸ் பெயரில் 200-க்கும் மேற்பட்ட நூற்பெயர்கள் அதில் உள்ளன. ஸ்தோயிக்கர் எனப்படும் மெய்யியல் பள்ளியைக் கட்டி நிறுத்திய கிரிசிப்பஸ் 705-க்கும் மேற்பட்ட நூல்களை எழுதினார் என்கிறது அது. அவற்றில் ஒன்றுகூட முழுமையாக இன்று இல்லை. தமிழில் அத்தகைய நீண்ட பட்டியல்கள் எழவில்லை. அதற்கு ஈடாக, உரையாசிரியர்கள் மேற்கோள் காட்டிய இடங்களும், எதிர்ச்சமயத்தார் மறுத்த இடங்களும் நமக்கு உண்டு. மயிலை சீனி. வேங்கடசாமி அவற்றைத் தேடித் திரட்டி 1959-இல் வெளியிட்ட ‘மறைந்துபோன தமிழ் நூல்கள்’ இத்துறையில் இன்றும் முதலில் எடுத்துப் பார்க்க வேண்டிய நூலாக இருக்கிறது.

நூற்பெயரைப் பற்றிய தெளிவான ஒரு கொள்கை தமிழிலக்கணத்திலேயே உண்டு என்பதுதான் இங்கே முதன்மையான செய்தி. பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், தன் பாயிரப் பகுதியில், ஒரு நூலுக்குப் பெயர் எவ்வெவ்வாறு வந்து அமைகிறது என்று ஒரு நூற்பாவில் வகுத்துக் கூறுகிறது. மூலமாயிருந்த முதனூல், ஆக்கிய ஆசிரியன், நூலின் அளவு, அதில் மிகுதியாகப் பேசப்படுவது, அதன் பொருள், செய்வித்த புரவலன், நூலின் தன்மை முதலிய காரணங்களால் பெயர் வரலாம். காரணம் ஏதுமின்றி இடுகுறியாகவும் வரலாம் என்பது அதன் கருத்து. உரைகாரர்கள் ஒவ்வொன்றுக்கும் சான்று தருகிறார்கள்: ஆசிரியனால் பெற்ற பெயர் தொல்காப்பியம், அளவால் பெற்ற பெயர் பன்னிருபடலம், தன்மையால் பெற்ற பெயர் சிந்தாமணி, செய்வித்தோனால் பெற்ற பெயர் சாதவாகனம், இளந்திரையம். பன்னிருபடலம், சாதவாகனம், இளந்திரையம் ஆகிய மூன்றுமே இன்று மறைந்த நூல்கள் என்பது கவனிக்கத்தக்கது.

இந்த நூற்பாவை மறைந்த நூல்களுக்குப் பொருத்திப் பார்த்தால் அதன் அருமை விளங்கும். சாதவாகனம் என்ற பெயரை மட்டும் கண்ட ஒருவர், சாதவாகன அரசர்களின் வரலாறு அதில் இருந்தது என்று எளிதாக எண்ணிவிடுவார். அப்பெயர் நூலைச் செய்வித்தவனைச் சுட்டுவதேயன்றி நூலின் பொருளைச் சுட்டுவதன்று என்ற உரைகாரரின் ஒரு சொல் அந்த எண்ணத்தைத் தடுக்கிறது. மிகுதி பற்றிப் பெயரிடுவது என்னும் வகையோ இன்னும் நுட்பமான எச்சரிக்கை: ஒரு நூலின் பெயர் அந்நூல் முழுவதையும் சொல்லிவிடுவதில்லை, அதில் மேலோங்கி நிற்கும் ஒரு பகுதியை மட்டும் சொல்லலாம். இறுதியில் வரும் இடுகுறி, ஆராய்ச்சியாளருக்கு மிகவும் தேவையான அடக்கத்தைக் கற்பிக்கிறது. சில பெயர்களை எவ்வளவு தோண்டினாலும் உள்ளே பொருள் இராது.

ஊர்ப்பெயர்களிலும் இதே நிலை உண்டு. திண்டுக்கல் மாவட்டத்துச் சித்தையன்கோட்டை என்னும் பெயர், சித்தையன் என்ற ஓர் ஆளையும் கோட்டை என்ற ஒரு கட்டடத்தையும் இணைத்துச் சொல்கிறது. அந்தச் சித்தையன் கோட்டையைக் கட்டியவனா, ஆண்டவனா, காத்தவனா என்பது பெயருக்குள் இல்லை. இரண்டு பெயர்ச்சொற்களை உருபின்றி ஒட்டவைக்கும் தமிழ்த்தொடர், அவற்றுக்கிடையிலான உறவைக் கேட்போரின் அறிவுக்கே விட்டுவிடுகிறது. வாழும் ஊரில் அந்த அறிவைத் தருவதற்கு மக்களும் ஆவணமும் இருப்பார்கள். மறைந்த நூலுக்கு அதைக் குறிப்பிட்ட உரையாசிரியரைத் தவிர வேறு ஆள் இல்லை.

இந்த உறவு மறைந்து நிற்பது எவ்வளவு பெரிய பிழைக்கு இடமளிக்கும் என்பதை நீலகேசியைக் கொண்டே சோதித்துப் பார்க்கலாம். 894 பாடல்களைக் கொண்ட அச்சமணக் காப்பியம் பத்துச் சருக்கங்களாகப் பகுக்கப்பட்டுள்ளது. முதலாவதான தருமவுரைச் சருக்கத்தை அடுத்து, குண்டலகேசி வாதம், அர்க்கசந்திர வாதம், மொக்கல வாதம், புத்த வாதம், ஆசீவக வாதம், சாங்கிய வாதம், வைசேடிக வாதம், வேத வாதம், பூத வாதம் என்று ஒன்பது சருக்கங்கள் வருகின்றன. நூல் அழிந்து இச்சருக்கப் பெயர்கள் மட்டும் ஓர் உரையில் எஞ்சியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? வேத வாதம் என்பதை வேதத்தை நிலைநாட்டும் வைதிகரின் நூல் என்றும், பூத வாதம் என்பதை ஐம்பூதங்களுக்கு அப்பால் உயிர் என்று ஒன்று இல்லை எனக் கூறிய உலகாயதரின் நூல் என்றும் கற்றறிந்தவர்களே எழுதியிருப்பார்கள். உண்மையில் அவை அந்தந்தச் சமயத்தாரோடு நீலகேசி நிகழ்த்தி வென்ற வாதங்கள். வேதத்தினது வாதமா, வேதத்தாரோடு செய்த வாதமா என்பதை அந்தத் தொகைச்சொல் சொல்வதில்லை.

கிரேக்கத்தில் இதே இடர்ப்பாடு ‘ப்ரோஸ்’ என்னும் சிற்றிடைச்சொல்லில் ஒளிந்திருக்கிறது. நூற்பெயரில் ஓர் ஆளின் பெயருக்கு முன் அது வந்தால், ‘இன்னாருக்கு’ என்றும் பொருள்படும், ‘இன்னாருக்கு எதிராக’ என்றும் பொருள்படும். நண்பனுக்கு எழுதிய அறிவுரையும் பகைவனுக்கு எழுதிய மறுப்பும் ஒரே வடிவில் பெயர் தாங்கி நிற்கின்றன. நூல் கிடைத்தால் ஐயம் தீரும். கிடைக்காதபோது எழுதியவரும் பெயரில் சுட்டப்பட்டவரும் நண்பர்களா எதிரிகளா என்பதை வேறு சான்றுகளால் நிறுவிய பின்னரே பெயரை மொழிபெயர்க்க முடியும். பெயரைக் கொண்டு உறவை நிறுவப் புகுந்தால் அது வட்டத்தில் சுற்றுவதாகிவிடும்.

குண்டலகேசி என்னும் பெயர் இந்த ஆராய்ச்சியில் மிகுந்த பயன் தருவது. ஏனெனில் அதன் பின்னணிக் கதை பாலிமொழி பௌத்த நூல்களிலும் காக்கப்பட்டுள்ளது. நாதகுத்தனார் இயற்றிய அந்தப் பௌத்தக் காப்பியம் ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்றாக எண்ணப்படுகிறது. கேசம் என்பது கூந்தல். குண்டலகேசி என்பவள் குண்டலம்போல் சுருண்ட கூந்தலை உடையவள். பாலி மரபின்படி இராசகிருகத்துச் செல்வன் ஒருவனின் மகளாகிய பத்தா, கொலைத்தண்டனைக்கு இழுத்துச் செல்லப்பட்ட கள்வன் ஒருவனைக் கண்டு காதலித்து மணந்து, பின்னர் அவன் நகைக்காகத் தன்னை மலையுச்சியில் கொல்ல முயன்றபோது சூழ்ச்சியால் அவனை வீழ்த்திவிட்டு, சமணத் துறவியரிடம் போய்ச் சேர்கிறாள். அவர்கள் வழக்கப்படி அவள் தலைமயிர் பறிக்கப்படுகிறது. பறித்த மயிர் மீண்டும் சுருள்சுருளாக வளர்ந்ததனால்தான் அவளுக்குக் குண்டலகேசி என்ற பெயர் வந்தது என்கிறது அந்த மரபு. அவள் ஊர்தோறும் நாவற்கிளையை நட்டு வாதுக்கு அழைத்து, இறுதியில் புத்தரின் மாணவர் சாரிபுத்தரிடம் தோற்றுப் பௌத்தத் துறவியாகிறாள்.

கதை தெரியாதவருக்கு இப்பெயர் ஓர் அழகிய பெண்ணின் வருணனை. கதை தெரிந்தவருக்கோ அது ஒரு வாதத்தின் சுருக்கம். மயிர் பறித்தல் சமணத் துறவின் கடுமையான அடையாளம். அதைக் கடந்து மீண்டும் முளைத்த கூந்தலையே ஒரு பௌத்தக் காப்பியம் தன் தலைப்பாக ஏற்றிருக்கிறது. நாதகுத்தனார் இதை எண்ணித்தான் பெயரிட்டாரா என்பதை 19 பாடல்களைக் கொண்டு முடிவுகட்ட முடியாதாயினும், சமணர்கள் அந்தப் பெயரை ஓர் அறைகூவலாகவே எடுத்துக்கொண்டார்கள் என்பதற்கு அவர்கள் எழுதிய மறுப்பு நூலின் பெயரே சான்றாக நிற்கிறது. சுருண்ட கூந்தலாளுக்கு விடையாக நீலக்கூந்தலாள் ஒருத்தியை அவர்கள் படைத்தார்கள். நீலி என்னும் பேய்த்தெய்வம் சுடுகாட்டில் தவமிருந்த முனிச்சந்திரர் என்னும் சமண முனிவரை அச்சுறுத்த வந்து, அவரால் தெளிவுபெற்று, நீலகேசி என்ற பெயரோடு பிற சமயத்தாரை வாதில் வெல்லப் புறப்படுகிறாள். அவள் முதலில் எதிர்கொள்பவள் குண்டலகேசியே.

இதனைக் கண்டபின் பிங்கலமும் அஞ்சனமும் காலகேசியும் ஓரளவு பேசத் தொடங்குகின்றன. பிங்கலம் செம்பொன் கலந்த பழுப்பு நிறம், அஞ்சனம் மை, காலம் கருமை. குண்டலம் என்றது குண்டலகேசியையும் நீலம் என்றது நீலகேசியையும் ஆயின், அதே வரிசையில் நிற்கும் பிங்கலமும் அஞ்சனமும் பிங்கலகேசி, அஞ்சனகேசி என்னும் நூல்களின் சுருக்கப்பெயர்களே என்று அறிஞர்கள் கொண்டது முறையான முடிவு. ஆறாவதாக நிற்கும் காலகேசி முழுப்பெயரோடு வருவது அந்த முடிவுக்கு மேலும் வலிமை தருகிறது. இங்கே சொற்பொருளைவிட அண்டைவீட்டாரே நமக்கு வழிகாட்டிகள். பிங்கலம் என்ற பெயர் தனியே ஓர் ஏட்டில் கிடைத்திருந்தால், பிங்கலர் செய்த நிகண்டு என்றே அதை எவரும் எடுத்துக்கொண்டிருப்பார்கள். தருக்கம் பேசும் இடத்தில், இரண்டு வாத காப்பியங்களுக்குப் பக்கத்தில் அது நிற்பதுதான் அதை நிகண்டிலிருந்து பிரித்துக் காட்டுகிறது.

இதற்கு மேல் ஒரு படி எடுத்துவைக்கலாமா? இவை ஒவ்வொன்றும் ஒரு பெண் வாதியைத் தலைவியாகக் கொண்டிருக்கக்கூடும்; கூந்தலின் நிறத்தால் பெயரிடும் வழக்கமே ஒரு நூல்வகையின் அடையாளமாகியிருக்கக்கூடும். ஒரு சமயம் ஒரு கேசியை அனுப்ப, மற்றொன்று இன்னொரு கேசியை அனுப்பியது என்ற காட்சி மனத்தை ஈர்க்கத்தான் செய்கிறது. ஆனால் பிங்கலகேசி எந்தச் சமயத்தாள், யாரோடு வாதிட்டாள், வென்றாளா என்பவற்றில் ஒன்றையும் பெயர் சொல்லவில்லை. ஒரு பெயரை வைத்துக்கொண்டு காப்பியத்தையே கட்டி எழுப்புவது, மறைந்த நூலுக்குச் செய்யும் இரண்டாவது தீங்கு. அப்படிக் கட்டியது நாளடைவில் பாடநூலில் ஏறி, உண்மையான சான்று ஒன்று கிடைக்கும்போது அதற்கு இடம் இல்லாமல் செய்துவிடும்.

ஒரே நூல் பல பெயர்களில் வழங்குவது மற்றொரு சிக்கல். குண்டலம் என்று யாப்பருங்கல விருத்தி சொன்னதையே, பதினோராம் நூற்றாண்டு இலக்கணமாகிய வீரசோழியத்தின் உரை குண்டலகேசி விருத்தம் என்கிறது. நீலகேசி கிடைக்காமலும் பாடல் ஒன்றும் எஞ்சாமலும் போயிருந்தால் குண்டலம், குண்டலகேசி, குண்டலகேசி விருத்தம் என மூன்று நூல்களை நாம் எண்ணியிருப்போம். கிரேக்கத்தில் புரோட்டகோரஸ் எழுதிய ஒரு நூலை பிளேட்டோ ‘உண்மை’ என்ற பெயரால் சுட்டுகிறார். பிற்காலத்து செக்ஸ்டஸ் எம்பிரிக்கஸோ அதே நூலின் தொடக்கத்தை எடுத்துக்காட்டும்போது ‘வீழ்த்துவன’ என்ற பொருள்படும் வேறொரு பெயரைத் தருகிறார். எதிரியை மற்களத்தில் தரையில் வீழ்த்தும் பிடியைக் குறிக்கும் சொல் அது. முதற்பெயர் நூலின் பொருளைக் காட்டுகிறது, இரண்டாவது அதன் போக்கைக் காட்டுகிறது. நன்னூலார் சொற்படி சொன்னால் ஒன்று பொருளால் வந்தது, மற்றொன்று தன்மையால் வந்தது.

வீரசோழிய உரை குண்டலகேசி விருத்தத்தோடு கிளிவிருத்தம், எலிவிருத்தம், நரிவிருத்தம் ஆகியவற்றையும் சேர்த்துக் கூறுகிறது. விருத்தம் என்ற சொல்லைக் கேட்டதும் தமிழ் வாசகர் பாவினத்தை நினைப்பார். அதன் மூலமாகிய வடசொல்லுக்கோ நிகழ்ந்தது, ஒழுகலாறு, வரலாறு என்ற பொருள்களும் உண்டு. ஆகவே கிளிவிருத்தம் என்பது கிளியைப் பற்றிய விருத்தப்பாக்களா, கிளியின் கதையா? சீவகசிந்தாமணி பாடிய திருத்தக்கதேவரின் நரிவிருத்தம் இன்றும் உள்ளது. வேடன் யானையைக் கொல்ல, பாம்பு வேடனைக் கொல்ல, பாம்பும் மடிய, அவ்வழி வந்த நரி இத்தனை இறைச்சியையும் பிறகு தின்னலாம் என்று முதலில் வில்லின் நாணைக் கடிக்க, அறுந்த வில் தெறித்து நரியும் மடிந்த கதை அதில் வருகிறது. விருத்தப்பாவால் ஆனது என்பதோடு ஒரு விலங்கின் கதையைக் கொண்டு நிலையாமையையும் பேராசையின் கேட்டையும் விளக்குவது என்பதால், இரண்டு பொருளும் அந்த நூலுக்கே பொருந்திவிடுகின்றன. உடன்பிறந்தவை போன்ற கிளிவிருத்தமும் எலிவிருத்தமும் அவ்வாறே உவமைக்கதை வழியாகச் சமண அறம் சொன்னவை என்று கருத இது போதிய காரணம்.

இவ்விரண்டுக்கும் இன்னொரு சான்று எதிர்பாராத இடத்திலிருந்து வருகிறது. ஏழாம் நூற்றாண்டினரான திருஞானசம்பந்தர் மதுரைத் திருவாலவாய்ப் பதிகம் ஒன்றில் சமணரைக் கடியும்போது, கிளியின் விருத்தத்தையும் எலியின் தொழிலையும் அவர்களோடு சேர்த்துச் சுட்டுகிறார். அவர் சுட்டியது எழுதப்பட்ட நூலையா, சமணர் மக்களிடம் சொல்லிவந்த கதையையா என்ற ஐயத்துக்கு இடமுண்டு. மாற்றாரும் அறியும் அளவுக்கு அவை அன்றைய மதுரையில் வழங்கின என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. பரணில் போற்றிக் காத்தவர்களைவிட மேடையில் மறுத்தவர்களே மறைந்த நூல்களின் பெயரை நமக்குக் கூடுதலாகக் கொடுத்திருக்கிறார்கள் என்பது இத்துறையில் திரும்பத் திரும்பக் காணும் உண்மை.

சொற்கள் காலப்போக்கில் வேறு சமயத்துக்குக் குடிபெயர்ந்துவிடுவதால் வரும் மயக்கம் இதைவிடக் கொடியது. சித்தாந்தத்தொகை என்று ஒரு நூல், திருப்பதிகம் என்று ஒரு நூல். இன்றைய தமிழர் எவரும் இவ்விரண்டையும் சைவ நூல்கள் என்றே கொள்வார்; சித்தாந்தம் என்றால் சைவசித்தாந்தம், திருப்பதிகம் என்றால் தேவாரம். ஆனால் இவை இரண்டும் பௌத்தர்களுடைய நூல்கள். சிவஞானசித்தியாரின் பரபக்கம் என்பது பிற சமயக் கொள்கைகளை எடுத்துச்சொல்லி மறுக்கும் பகுதி. அதன் உரையில் பௌத்தர் கொள்கைக்குச் சான்றாக இந்நூல்களின் பாடல்கள் எடுத்துக்காட்டப்பட்டதனால்தான் நமக்கு உண்மை தெரிந்தது. முடிந்த முடிபு என்பதே சித்தாந்தம் என்னும் சொல்லின் பொருள். எந்தச் சமயமும் தன் முடிபைச் சித்தாந்தம் என்று சொல்லிக்கொள்ளலாம், சொல்லியும் வந்தது. அச்சொல் தமிழ்நாட்டில் சைவத்துக்கே உரியதாகிப் போனது பின்னால் நடந்த வரலாறு. அந்த வரலாற்றை மறந்து, இன்றைய பொருளைப் பழைய பெயருக்கு ஏற்றிவிட்டால், பௌத்தம் தமிழில் தன் மெய்யியலைத் தொகுத்து எழுதியிருந்தது என்ற செய்தியே நம் கண்ணுக்குப் படாமல் போய்விடும். நீலகேசியின் உரை குறிப்பிடும் விம்பசார கதையில் இந்த இடர் இல்லை. விம்பசாரன் புத்தர் காலத்து மகத மன்னன் என்பதால் பெயரே தன் சமயத்தைச் சொல்லிவிடுகிறது.

மெய்யியலுக்கு வெளியே ஓர் எடுத்துக்காட்டைக் காட்டுவதானால் தகடூர் யாத்திரையைக் காட்டலாம். யாத்திரை என்ற சொல் இன்று காசிக்கும் பழனிக்கும் செல்வதைக் குறிக்கிறது. அந்நூலில் அது அதியமானின் தகடூர்மேல் சேரமான் பெருஞ்சேரலிரும்பொறை எடுத்துச் சென்ற போர்ச்செலவைக் குறித்தது.

ஆசீவகரின் மறைநூல் பெயர் தமிழ்ச் சான்றுகளின் பெருமதிப்பை உணர்த்துவது. மற்கலி கோசாலரைத் தலைவராகக் கொண்டு, எல்லாம் ஊழின்படியே நடக்கும் என்று கற்பித்த அச்சமயத்தின் சொந்த நூல்கள் எம்மொழியிலும் எஞ்சவில்லை. மணிமேகலையும் நீலகேசியும் சிவஞானசித்தியாரும் தத்தம் நோக்கில் அதன் கொள்கையை எடுத்துரைப்பதனால், 1951-இல் ஏ.எல். பாஷம் ஆசீவகரின் வரலாற்றை எழுதியபோது தமிழ் நூல்களை முதன்மைச் சான்றுகளாகக் கொள்ள நேர்ந்தது. நிலம், நீர், தீ, காற்று, உயிர் என்னும் ஐவகை அணுக்களால் உலகம் ஆனது என்ற கொள்கையும், ஆசீவகரின் ஆகமத்துக்கு நவகதிர் என்று பெயர் என்பதும் இவ்வழியில் தெரியவந்தவை.

நவ என்ற சொல்லுக்குப் புதிய என்றும் ஒன்பது என்றும் பொருள் உண்டு. ஒன்பது கதிர் என்ற தமிழ் வடிவமும் வழங்கியிருப்பதால் அந்த ஐயம் தீர்ந்துவிடுகிறது. ஒரு பெயரின் மொழிபெயர்ப்பு கிடைப்பது அகராதி கிடைப்பதைவிட மேலானது. கதிர் என்பதில்தான் இடர் மிகுதி. ஞாயிற்றின் கதிரா, நெற்கதிரா? சுங்குடிச் சேலைக்குப் பெயர்பெற்ற சின்னாளப்பட்டி போன்ற நெசவூர்களில், ராட்டையில் நூல் சுற்றிக்கொள்ளும் இரும்புக்கம்பிக்கும் கதிர் என்றுதான் பெயர். அறிவை ஒளியாகக் காண்பது இந்தியச் சமயங்கள் அனைத்துக்கும் பொதுவாகையால் ஒளிக்கதிர் என்று கொள்வதே இயல்பு. அந்த ஒன்பதும் நூலின் ஒன்பது பிரிவுகளா, ஒன்பது பொருள்களா என்பது அடுத்த கேள்வி. பகவதி சூத்திரம் என்னும் சமண ஆகமம் ஆசீவகரின் மறையை எட்டு நிமித்தங்களும் இரண்டு மார்க்கங்களும் எனப் பத்தாகக் கணக்கிடுகிறது. ஒன்பதோடு அது நேராகப் பொருந்துவதில்லை. வடக்கிலும் தெற்கிலும் ஆசீவகர் வேறுவேறு தொகுப்புகளைக் கையாண்டிருக்கலாம் என்ற எண்ணத்துக்கு இந்தப் பொருந்தாமை இடந்தருகிறது. எனவே இரண்டு எண்களையும் வலிந்து ஒன்றாக்காமல், வேறுபாட்டை வேறுபாடாகவே விட்டுவைப்பது நல்லது.

ஓர் எண்ணைத் தாங்கிய பெயருக்கு விளக்கமும் கிடைத்தால் எவ்வளவு தெளிவு பிறக்கும் என்பதற்கு டெமாக்ரிடஸின் ஒரு நூல் சான்று. அணுக்கொள்கையால் புகழ்பெற்ற அவருடைய நூல்களை, கி.பி. முதலாம் நூற்றாண்டினரான திரசில்லஸ் நான்கு நான்காக அடுக்கி வைத்தார். அறவியல் நூல்களின் முதல் நான்கில் ஒன்றின் பெயர் திரிதோகெனெயா. அது அதீனா என்னும் பெண்தெய்வத்தின் பழம்பெயர். பெயரை மட்டும் கண்டால் தெய்வத் துதி என்றே தோன்றும். மனித வாழ்வைத் தாங்கும் மூன்று செயல்கள் அவளிடமிருந்து பிறப்பதால் அப்பெயர் என்று பழைய குறிப்பு ஒன்று கூறுகிறது. நன்றாக ஆராய்தல், குறையின்றிப் பேசுதல், செய்யத்தக்கதைச் செய்தல் என்பன அம்மூன்று. அறவியல் அடுக்கில் அது நிற்பதும் இந்த விளக்கத்தோடு ஒத்துப்போகிறது. பிங்கலத்துக்கு உதவிய அண்டைவீட்டுச் சான்றே இங்கும் உதவுகிறது.

சில பெயர்களை ஆசிரியர் இட்டதாகவே கொள்ள முடியாது. சாக்ரடீசுக்கு முந்திய கிரேக்கச் சிந்தனையாளர் பலருடைய நூல்களுக்கும் ‘இயற்கையைப் பற்றி’ என்ற ஒரே பெயர் வழங்குகிறது. பிற்காலத்து அறிஞர்கள் அடையாளத்துக்காக இட்ட பொதுப்பெயர் அது. அரிஸ்டாட்டிலின் புகழ்பெற்ற மெய்யியல் நூலின் கிரேக்கப் பெயரே ‘இயற்பியலுக்குப் பின்வருவன’ என்றுதான் பொருள்படும். அடுக்கில் இருந்த இடமே பெயராயிற்று என்பது பழங்காலந்தொட்டு வழங்கும் விளக்கம். அளவையியல் பற்றி எபிகியூரஸ் எழுதி மறைந்த நூலின் பெயர் கானோன். தச்சரும் கொத்தரும் நேர் பார்க்கப் பயன்படுத்தும் கோல் அது. உண்மையையும் பொய்யையும் அளந்து பார்க்கும் கருவி என்ற கருத்தில் அவர் அதை ஆண்டார். தமிழ் வாசகருக்கு இது அயலாகத் தோன்றாது. மரத்தின் கோணலைத் தச்சன் அடிக்கும் நூல் நேராக்குவதுபோல மனத்தின் கோணலை நேராக்குவது நூல் என்று நன்னூல் விளக்குகிறது. கிரேக்கர் ஒரு நூலுக்கு இட்ட பெயரைத் தமிழர் எல்லா நூலுக்கும் இட்டிருக்கிறார்கள்.

இத்தகைய நூல்கள் வாழ்ந்த சூழலைக் காண விரும்புவோர், சித்தையன்கோட்டை இருக்கும் அதே திண்டுக்கல் மாவட்டத்திலேயே காணலாம். பழனிக்கு மேற்கே உள்ள ஐவர்மலையில் பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர் உருவங்களும், சக ஆண்டு 792, அதாவது கி.பி. 870-ஐச் சேர்ந்த வரகுண பாண்டியன் காலத்துக் கல்வெட்டும் உள்ளன. குணவீரக் குரவடிகளின் மாணாக்கர் சாந்திவீரக் குரவர் அங்கிருந்த பார்சுவநாதர், இயக்கி உருவங்களைப் புதுப்பித்த செய்தியை அது சொல்கிறது. ஆசிரியரும் மாணாக்கரும் வழிவழியாக வந்த துறவியர் மரபு, யாப்பருங்கலம் தோன்றுவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன் இப்பகுதியில் உயிரோடு இருந்தது என்பதற்கு அக்கல்வெட்டே உறுதி. அநேகாந்தவாதத்தைப் பாடமாகக் கேட்ட மாணவர் இவர்கள் போன்றோரே.

மறைந்த நூலை அதன் பெயரே அடையாளம் காட்டிய நிகழ்ச்சியும் உண்டு. இத்தாலியின் வெசூவியஸ் எரிமலை கி.பி. 79-இல் வெடித்தபோது எர்குலேனியம் நகரின் ஒரு மாளிகை நூலகம் கரிந்து புதைந்தது. அங்கு கிடைத்து, ஆக்ஸ்போர்டில் வைக்கப்பட்டுள்ள கரிந்த சுருள் ஒன்றை விரிக்காமலே ஊடுகதிர்ப் படம் எடுத்து ஆராய்ந்ததில், அது பிலோடெமஸ் என்னும் மெய்யியலாளர் எழுதிய ‘தீயொழுக்கங்கள் பற்றி’ என்ற நூல் என்பது 2025-ஆம் ஆண்டு மே மாதம் அறிவிக்கப்பட்டது. சுருளின் உள்முனையில், நூல் முடியும் இடத்தில் எழுதப்பட்டிருந்த பெயரே அந்த அடையாளத்தைத் தந்தது.

தமிழ் ஏட்டுச்சுவடிகளிலும் நூற்பெயர் ஓரத்திலோ கடைசி ஏட்டிலோதான் பெரும்பாலும் இருக்கும். அவை முதலில் உடைந்து உதிரும் இடங்கள். பெயர் உதிர்ந்த கட்டு, அதை வைத்திருப்பவரின் ஊகத்தால் புதுப்பெயர் பெறும். பெயர் நின்ற கட்டுக்கும் பாதுகாப்பு இல்லை. நூலகத்திலோ மடத்திலோ பழைய வீட்டுப் பரணிலோ சித்தாந்தத்தொகை என்று எழுதிய ஏடு ஒன்று இருந்தால் அது சைவ சாத்திரங்களோடு அடுக்கப்படும். திருப்பதிகம் தேவாரக் கட்டுகளோடு போகும். பிங்கலம் நிகண்டுகளுக்கு நடுவே உறங்கும். அஞ்சனம் என்று கண்டால் மருத்துவமோ மாந்திரிகமோ என்று எண்ணி ஒதுக்கிவிடுவார்கள். சுவடி அட்டவணை எழுதுவோர் தலைப்பை மட்டும் பெயர்த்தெழுதாமல், ஒவ்வொரு கட்டிலும் தொடக்கத்தில் ஒன்றும் நடுவில் ஒன்றுமாக இரண்டு பாடல்களையேனும் படித்துக் குறித்துவைத்தால், குண்டலகேசியின் இருபதாவது பாடலோ பிங்கலகேசியின் முதற்பாடலோ அங்கே அகப்படலாம்.